யூஸ்டர் ரிப்போர்ட்டும் டாக்கா விலையும்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் நூல் வாங்க வருகிறவர் நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட்டையும் கிலோ விலையையும் கேட்ட கையோடு, "யூஸ்டர் எப்படி வருதுங்க?" என்று கேட்பார். நூல் ஒரே சீராக இருக்கிறதா, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது என்று கருவி அளந்து அச்சடித்துத் தரும் தாளுக்கு இங்கே பெயரே யூஸ்டர் ரிப்போர்ட்தான். மில்லின் தரக்கட்டுப்பாட்டு அறையில் அந்தத் தாள்களோடு பல வருடம் இருந்தவன் நான். யூஸ்டர் என்பது அந்தக் கருவியைச் செய்யும் ஊர்; சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊரைப் பார்க்காமலே அதன் பெயரைத் தினமும் பத்துத் தடவை சொல்கிறவர்கள் பொள்ளாச்சியிலிருந்து அவிநாசி வரைக்கும் இருக்கிறார்கள்.

அதே நூல் துணியாகி, சாயம் ஏறி, பனியன் கம்பெனி ஆபீஸில் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையரோடு விலை பேசும்போது இன்னொரு ஊரின் பெயர் வரும். "டாக்காவில் இதைவிடக் குறைவாகத் தருகிறார்கள்." அதற்கு மேல் பேச்சு நகராது.

இந்த இரண்டு நாடுகளைப் பற்றியும் நம்மிடம் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது. சுவிட்சர்லாந்து பேங்க் பணத்தில் வாழ்கிறது, பங்களாதேஷ் மலிவுக் கூலியில் வாழ்கிறது என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அது பாதி வழியிலேயே நின்றுவிடும் விளக்கம். சுவிட்சர்லாந்தில் பஞ்சு விளையாது. வங்கதேசத்தில் விளைவது அதன் மில்களுக்கு எந்த மூலைக்கும் போதாது. இரண்டுமே வெளியூர்ப் பஞ்சை வைத்துத்தான் பிழைப்பை மாற்றின. அப்புறம் எங்கே பிரிந்தன? அதற்கு நிலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆறு பிறக்கும் நாடு, ஆறு முடியும் நாடு

சுவிட்சர்லாந்தின் பரப்பு 41,285 சதுர கிலோமீட்டர். கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் மேற்கு மாவட்டங்களை ஒட்டி வைத்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். மக்கள் சுமார் 90 லட்சம் பேர். வங்கதேசம் சுமார் 1,47,600 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. அங்கே வாழ்கிறவர்களோ சுமார் 17 கோடிப் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல். நகரமே ஒரு நாடாக இருக்கும் சிங்கப்பூர் போன்றவற்றை விட்டுவிட்டால் இவ்வளவு நெருக்கம் வேறு எங்கும் அரிது.

சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய 60 சதவீத நிலம் ஆல்ப்ஸ் மலை. வடமேற்கில் ஜூரா என்ற சிறு மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே ஒரு மேட்டுச் சமவெளி. மொத்த நிலத்தில் அது சுமார் 30 சதவீதம்தான், ஆனால் பெரும்பாலான மக்களும் தொழிலும் அங்கேதான். மலைகளுக்கு நடுவே ஒரு மேட்டுநிலம் என்றால் கொங்குக்காரருக்குப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. நமக்கு மலை மழையை மறைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் இங்கே வருகிறது. பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் அந்தக் காற்றில்தான் சுற்றுகின்றன. அங்கே மலை தண்ணீரைப் பனியாகப் பிடித்து வைத்து வெயில் காலத்தில் விடுகிறது. ரைன் வட கடலுக்கும், ரோன் மத்தியதரைக் கடலுக்கும் போகின்றன. இன் ஆறு டான்யூபில் சேர்ந்து கருங்கடலுக்கும், டிசினோ ஆறு போ நதியில் சேர்ந்து ஏட்ரியாட்டிக் கடலுக்கும் போகின்றன. கடலே இல்லாத ஒரு சின்ன நாட்டிலிருந்து நான்கு திசைக் கடல்களுக்கும் தண்ணீர் போகிறது.

விழுகிற தண்ணீரைத் தவிர அந்த நாட்டிடம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சொல்லும்படியான நிலக்கரி கிடையாது, துறைமுகம் கிடையாது, விளைநிலம் போதாது. 1816-17ல் கோடை வராமல் பயிர் பொய்த்தபோது கிழக்குச் சுவிட்சர்லாந்தின் நெசவு ஊர்களில் ஜனங்கள் புல்லைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் வாலிபர்கள் வெளிநாட்டு அரசர்களின் படைகளில் கூலிச் சிப்பாய்களாகப் போய்ப் பணம் அனுப்பினார்கள். வாடிகனில் போப்பாண்டவருக்குக் காவல் நிற்கும் சுவிஸ் வீரர்கள் அந்தக் காலத்தின் மிச்சம்தான். இன்றைக்கு வங்கதேசத்து வாலிபர் வளைகுடாவுக்குப் போவதைப் பார்க்கிறபோது எனக்கு இது ஞாபகம் வருகிறது.

வங்கதேசம் இதற்கு நேர் எதிர். பத்மா என்று பெயர் மாறிய கங்கை, ஜமுனா என்று பெயர் மாறிய பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்து போட்ட வண்டல்தான் நாட்டின் பெரும்பகுதி. அந்த ஆறுகளுக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நேபாளத்திலும் அசாமிலும் பெய்யும் மழை அங்கே வெள்ளமாகிறது. 1998 வெள்ளத்தில் நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்குள் இருந்தது. கோடையில் கங்கையில் எவ்வளவு வரும் என்பதை, 1975ல் இயங்கத் தொடங்கிய நம் ஃபராக்கா தடுப்பணை தீர்மானிக்கிறது. 1996 டிசம்பரில் போட்ட கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்துக்கு ஆயுள் 30 வருடம். 2026 டிசம்பரோடு முடிகிறது. ஜூன் மாதம் மேட்டூர் அணையில் எத்தனை அடி என்று பேப்பரைப் பார்த்து மூச்சுவிடும் நமக்கு, ஆற்றின் கடைமடையில் இருப்பது என்னவென்று தெரியும்.

வருடத்துக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டல் அந்த ஆறுகளில் வருகிறது. ஆறு ஒரு கரையை அறுத்து இன்னொரு பக்கம் திட்டு போடும். அந்தத் திட்டுக்கு 'சர்' என்று பெயர். ஒரு குடும்பத்தின் வயல் ஒரே ராத்திரியில் ஆற்றோடு போகும்; சில வருடம் கழித்து எதிர்க்கரையில் புது மண் எழும்பும். அந்த மண் யாருக்குச் சொந்தம் என்பதில் அடிதடி, வழக்கு எல்லாம் உண்டு.

இன்னொரு விஷயம், கொங்கு நாட்டில் இருந்துகொண்டு நினைத்துப் பார்க்கவே முடியாதது: அங்கே கல் கிடைப்பது அபூர்வம். நாம் கடப்பாரை போட்டால் இரண்டடியில் பாறை சத்தம் கேட்கும். கல் எடுத்து முடிந்த பாறைக்குழிகளை என்ன செய்வதென்று திருப்பூர் திண்டாடுகிறது. அங்கே வண்டலைச் செங்கலாகச் சுட்டு, அந்தச் செங்கலை உடைத்து ஜல்லியாக்கி ரோடு போடுகிறார்கள். 2022 ஜூனில் திறந்த 6.15 கிலோமீட்டர் பத்மா பாலத்துக்கு, பாறை எட்டாத மண்ணுக்குள் 120 மீட்டருக்கும் ஆழமாக இரும்புக் குழாய்களை இறக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஆல்ப்ஸைக் குடைந்து 57 கிலோமீட்டர் நீளமுள்ள காட்ஹார்ட் ரயில் சுரங்கத்தை 2016ல் திறந்தார்கள். உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம் அது.

வண்டல் கொடுப்பதும் கொஞ்சநஞ்சமில்லை. 1971ல் சுமார் 1 கோடி டன்னாக இருந்த அரிசி விளைச்சல் இன்று 3.5 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. 1974ல் பஞ்சத்தில் மனிதர்கள் தெருவில் செத்துக் கிடந்த நாடு அது. இந்த மாற்றத்தைச் சொல்லாமல் வங்கதேசத்தைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

தீர்மானம் எங்கே எடுக்கப்படுகிறது

ஆட்சி முறைக்கு வருவோம். என் கணக்கில் முக்கியமான பிரிவு இங்கேதான் இருக்கிறது.

மலைப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனி உலகம். பனிக்காலத்தில் கணவாய் மூடிவிட்டால் பக்கத்து ஊர்க்காரனே வெளிநாட்டுக்காரன். அதனால் தங்கள் விவகாரத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் பழக்கம் நாடு உருவாகும் முன்பே வந்துவிட்டது. 1847ல் ஒரு சிறு உள்நாட்டுப் போர், ஒரு மாதத்துக்குள் முடிந்தது, செத்தவர்கள் நூறு பேர் அளவில். அடுத்த வருடமே, 1848ல், கூட்டாட்சி அரசமைப்புச் சட்டம் வந்தது. இன்று 26 கேன்டன்கள், 2,100க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். பழைய கொங்கு மண்டலத்தை 24 நாடுகள் என்று சொல்வது நம் வழக்கம். கேன்டனை அப்படி ஒரு நாடாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குச் சொந்த அரசமைப்பு, சொந்தச் சட்டசபை, சொந்தக் கோர்ட், சொந்தப் போலீஸ் உண்டு. வருமான வரியை ஊராட்சி, கேன்டன், மத்திய அரசு மூன்றும் வசூலிக்கின்றன. ஊராட்சி தன் விகிதத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. மத்திய அரசு வருமான வரி வாங்கும் உரிமைக்கோ அரசமைப்பிலேயே காலக்கெடு போட்டிருக்கிறார்கள்: இப்போதைக்கு 2035 வரை. அதற்குமேல் வேண்டுமானால் மறுபடி ஜனங்களிடம் கேட்க வேண்டும்.

மத்தியில் ஏழு பேர் கொண்ட குழு ஆள்கிறது. அந்த ஏழு பேரில் ஒருவர் ஒரு வருடம் ஜனாதிபதி, அடுத்த வருடம் இன்னொருவர். நாடாளுமன்றம் போட்ட சட்டம் பிடிக்கவில்லை என்றால் 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்த்து அதை வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் இருக்காது. பரம்பரை ஊர் எதுவோ அதுதான் இருக்கும். சென்னையில் மூன்று தலைமுறையாக இருந்தாலும் குலதெய்வக் கோயில் காங்கயம் பக்கம் என்று சொல்லும் கொங்குக் குடும்பங்களுக்கு இது விசித்திரமாகத் தெரியாது.

இந்த ஏற்பாடு துணித் தொழிலை எப்படித் தொட்டது என்பதற்கு யூஸ்டர் ஊரிலேயே கதை இருக்கிறது. 1832 நவம்பர் 22 அன்று, இயந்திரத் தறியால் பிழைப்பு போய்விடும் என்று பயந்த கைத்தறி நெசவாளர்கள் அந்த ஊர் ஆலையைக் கொளுத்தினார்கள். பலருக்குச் சிறை. இன்று உலகத்து நூலுக்கெல்லாம் அளவுகோல் செய்து தரும் ஊர், ஒரு காலத்தில் ஆலையை எரித்த ஊர்.

முப்பது வருடம் கழித்து வேறு மாதிரி ஒன்று நடந்தது. கிளாரஸ் என்பது பஞ்சுத் துணியில் அச்சுப் போட்டு ஆசியா வரை ஏற்றுமதி செய்த சின்ன மலைக் கேன்டன். அங்கே வருடத்துக்கு ஒருமுறை ஊர் மைதானத்தில் கூடி, கையைத் தூக்கிச் சட்டம் போடுவார்கள். மே மாதம் இன்றைக்கும் கூடுகிறார்கள். 1864ல் அந்த மைதானத்தில், முதலாளிகள் சொன்னதைக் கேட்காமல், ஆலை வேலை ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தொழிலாளர்கள் கை தூக்கினார்கள். இரவு வேலையும் நின்றது. வளர்ந்த ஆண்களுக்கும் சேர்த்து வேலை நேரத்துக்கு வரம்பு போட்டதில் ஐரோப்பாவிலேயே அது முன்னோடி. 1877ல் நாடு முழுக்க 11 மணி நேரம், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆலை வேலை கூடாது என்ற சட்டம் வாக்கெடுப்பில் நூலிழையில் ஜெயித்தது.

கை தூக்கியவர்கள் எல்லாரும் ஆண்கள். மத்தியத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை 1971ல்தான் வந்தது, நமக்கு 20 வருடம் கழித்து. ஆண்களிடமே கேட்டு ஆண்களே தீர்மானித்ததால் வந்த தாமதம் அது. ஆப்பன்செல் இன்னர்ரோடன் கேன்டனில் 1990ல் கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் பெண்கள் மைதானத்துக்குள் வந்தார்கள். இதைச் சொல்லாமல் சுவிஸ் ஜனநாயகத்தைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் இன்னொன்றும் உண்மை: 2012ல் வருடத்துக்கு ஆறு வாரம் கட்டாய விடுமுறை வேண்டுமா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள். முடிவின் பலனும் சுமையும் தங்கள் தலையில்தான் என்று தெரிந்தவர்கள் போட்ட ஓட்டு அது.

வங்கதேசம் பிறந்ததிலேயே நிலத்துக்குப் பங்கு உண்டு. 1970 நவம்பரில் போலா புயல் அடித்தது. குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். மேற்குப் பாகிஸ்தானிலிருந்து ஆண்ட ராணுவ அரசு உதவிக்கு வரத் தாமதித்தது. அடுத்த மாதமே தேர்தல். கிழக்கில் அவாமி லீக் ஏறக்குறைய எல்லா இடங்களையும் அள்ளியது. ஆட்சியைக் கொடுக்க மறுத்ததால் 1971 போர். தொலைவில் உட்கார்ந்து ஆள்கிறவர்களுக்கு எதிராகப் பிறந்த நாடு, அப்புறம் எல்லா அதிகாரத்தையும் டாக்காவில் கொண்டுபோய்க் குவித்துக்கொண்டது. மாநிலங்கள் இல்லாத ஒற்றையாட்சி. 8 கோட்டங்கள், 64 மாவட்டங்கள். மாவட்டத்தை ஆள்வது நம் கலெக்டர் மாதிரி, வெள்ளைக்காரன் விட்டுப்போன அதே வழியில் டாக்கா நியமிக்கும் அதிகாரி. தேர்ந்தெடுத்த வட்டார மன்றங்களை 1980களில் ஒரு ராணுவ ஆட்சியாளர் கொண்டுவந்தார். 1991ல் ஜனநாயக அரசு வந்து அவற்றைக் கலைத்தது. மறுபடி அவற்றுக்குத் தேர்தல் நடந்தது 2009ல். ஆளுகிற கட்சிக்கு எல்லாம், தோற்ற கட்சிக்கு ஜெயில் என்பதே வழக்கமாகிவிட்டது. 2024 ஆகஸ்ட் 5 அன்று மாணவர் எழுச்சியில் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேற, முகமது யூனுஸ் தலைமையில் இடைக்கால அரசு வந்ததும் அந்த இழுபறியின் தொடர்ச்சிதான்.

புயல் விஷயத்தில் மட்டும் அந்த நாடு பாடம் கற்றுக்கொண்டது. 1972லிருந்து கரையோர ஊர்களில் தொண்டர்களைப் பயிற்றுவித்தார்கள், மேடான இடங்களில் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். 1991 புயலில் 1,38,000 பேர் செத்தார்கள். 2020 அம்பன் புயலில் அங்கே செத்தவர்கள் சில பத்துப் பேர். மெகாபோன் பிடித்த ஊர்ப் பையனுக்கும் சைக்கிளில் போய்க் கதவைத் தட்டிய பெண்ணுக்கும் பொறுப்பைக் கொடுத்ததால் நடந்தது இது. அதே பொறுப்பை ஆலைக்குள் யாருக்கும் கொடுக்கவில்லை.

2013 ஏப்ரல் 23 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் சவாரில் ராணா பிளாசா கட்டிடத்தில் விரிசல் விட்டது. கீழ்த்தளத்தில் இருந்த பேங்க் தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் காலை மேல்தளங்களில் இருந்த கார்மெண்ட் கம்பெனிகள் ஆட்களை உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் போய்விடும். சற்று நேரத்தில் கட்டிடம் சரிந்தது. 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். குளத்தைத் தூர்த்த இடத்தில், மேல்தளங்களை அனுமதி இல்லாமல் ஏற்றிக் கட்டிய கட்டிடம் அது. கட்டிடத்துக்கு முதலில் அனுமதி கொடுத்தது உள்ளூர் நகராட்சி. அதனால் 'எல்லாவற்றையும் உள்ளூருக்குக் கொடுத்தால் சரியாகிவிடும்' என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே போகமாட்டேன் என்று சொல்ல அந்தப் பெண்களுக்கு ஒரு மைதானம் இல்லை, அதைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு வந்த பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் 200க்கும் மேற்பட்ட வெளிநாட்டு பிராண்டுகளும் உலகத் தொழிற்சங்கங்களும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் தீத்தடுப்புக் கதவு, தூண், மின் ஒயர் எல்லாம் சோதித்துச் சரிசெய்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் கிளாரஸில் சொந்த மைதானத்தில் வந்த விதி, டாக்காவுக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது.

நூலிலிருந்து மருந்து வரை

1978 திருப்பூர், டாக்கா இரண்டு ஊர்களுக்கும் முக்கியமான வருடம். இத்தாலிக்காரர் ஒருவர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததில்தான் திருப்பூரின் ஏற்றுமதி தொடங்கியது என்று இங்கே சொல்வார்கள். அதே வருடம் டாக்காவிலிருந்து 10,000 சட்டைகள் பிரான்சுக்குப் போயின. வயது ஒன்றுதான். அடுத்து டாக்காவில் தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற கம்பெனி 130 பேரைத் தென்கொரியாவின் தேவூ ஆலைக்கு அனுப்பித் தொழில் கற்க வைத்தது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் வெளியேறித் தனித்தனிக் கம்பெனி வைத்தார்கள்.

கையில் பணமில்லாதவர் எப்படிக் கம்பெனி வைத்தார்? இந்த இடத்தில் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. பையர் கொடுத்த எல்.சி.யை, அதாவது சரக்கு போனால் பணம் தருவதாக பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதத்தை, அடமானமாக வைத்து, துணி வாங்க இன்னொரு எல்.சி. திறக்க அனுமதித்தது. ஏற்றுமதிக்காக வரும் துணிக்குச் சுங்க வரியும் இல்லை. தையல் மெஷினும் ஆளும் இருந்தால் போதும். எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்று வரம்பு போட்ட உலக ஜவுளிக் கோட்டா இந்தியாவையும் கொரியாவையும் கட்டிப்போட்டிருந்த காலத்தில் வங்கதேசத்துக்குக் கதவு திறந்திருந்தது. அதற்குப் பிறகு, பின்தங்கிய நாடு என்ற தகுதியில் ஐரோப்பாவில் வரியே இல்லை. நம் பனியன் அங்கே நுழைய ஒன்பது, பத்து சதவீதம் வரி கட்டிக்கொண்டிருந்தது. பையர் சொல்லும் அந்த 'டாக்கா விலை'யில் கூலி ஒரு பகுதி, இந்த வரி வித்தியாசம் ஒரு பகுதி, உள்நாட்டு இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்தது ஒரு பகுதி. வெறும் கூலி மட்டும் என்று நினைக்கிறவர்கள் கணக்கைச் சரியாகப் போடவில்லை.

இன்று அந்த நாட்டின் ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆயத்த ஆடை. வேலை செய்கிறவர்கள் சுமார் 40 லட்சம் பேர். 2023 டிசம்பரிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் அந்த நாட்டுப் பணத்தில் 12,500 டக்கா. வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2024-25ல் அனுப்பிய பணம் 3,000 கோடி டாலருக்கு மேல். ஆனால் நாட்டு வருமானத்தில் வரியாக அரசுக்கு வருவது 10 சதவீதத்துக்கும் குறைவு. ஆலைகளைச் சோதிக்க ஆள் போட, பள்ளிக்கூடம் கட்ட, ஆற்றைச் சுத்தம் செய்ய எல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்து பஞ்சில் நிற்கவில்லை, ஏறிப்போய்விட்டது. இங்கிலாந்து 1840களின் தொடக்கம் வரை நூற்பு மெஷின்களை வெளிநாட்டுக்கு விற்கத் தடை வைத்திருந்தது. அதனால் சுவிஸ் ஆலைக்காரர்கள் இருப்பதைப் பிரித்துப் பார்த்து, பழுது பார்த்து, தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். 1795ல் பஞ்சு வியாபாரமாகத் தொடங்கிய வின்டர்தூர் நகரத்து ரீட்டர் கம்பெனி, நூற்பாலை ஆகி, அப்புறம் நூற்பு மெஷின் செய்யும் கம்பெனி ஆனது. 1962ல் கோவையில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது தொழில்நுட்பம் கொடுத்தது அதே ரீட்டர்தான். பிரித்துப் பார்த்துச் செய்யும் கை கோவைப் பட்டறைகளுக்கும் உண்டு. பம்ப்செட்டும் கிரைண்டரும் அப்படித்தான் வளர்ந்தன. இந்த ஒரு விஷயத்தில் கொங்கு நாடு டாக்காவைவிட வின்டர்தூருக்குக் கிட்டத்தில் நிற்கிறது என்பது என் நம்பிக்கை.

அடுத்த படி சாயம். பாசல் நகரத்தில் பட்டு ரிப்பனுக்குச் சாயம் போட்டவர்கள் 1859லிருந்து செயற்கைச் சாயம் தயாரித்தார்கள். பக்கத்து பிரான்சில் காப்புரிமைச் சட்டம் கெடுபிடியாக இருந்தது. சுவிட்சர்லாந்தில் 1888 வரை காப்புரிமைச் சட்டமே இல்லை. ரசாயனத்துக்கு 1907ல்தான் வந்தது. மற்றவர் கண்டுபிடித்ததைச் செய்து பழகி, சாயத்திலிருந்து மருந்துக்குப் போனார்கள். இன்று அந்த நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி மருந்தும் ரசாயனமும். பேங்க் பணம் என்று நாம் சொல்வதைவிட இந்தப் பாதை பெரியது. வங்கதேசமும் 1982ல் ஒரு துணிச்சலான மருந்துக் கொள்கை போட்டு, தன் மருந்துத் தேவையை ஏறக்குறைய முழுக்கத் தானே தயாரிக்கிறது. பின்தங்கிய நாடு என்பதால் மருந்துக் காப்புரிமையில் அதற்கு 2033 வரை உலக வர்த்தக அமைப்பின் விலக்கு இருக்கிறது. அந்தத் தகுதி போனால் விலக்கும் போகும்.

சாயத்தைப் பேசினால் நொய்யலைப் பேசாமல் இருக்க முடியாது. 1986 நவம்பர் 1 அன்று பாசலுக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த தண்ணீர் ரைனில் கலந்து ஆறு சிவந்தது. விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. ஆற்றங்கரை நாடுகள் அடுத்த வருடமே சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டன. இன்று ரைனில் குளிக்கிறார்கள். நொய்யல் ஒரே நாளில் சிவக்கவில்லை. பல வருடம் தினமும் ஒரு நிறத்தில் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டி, சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனது. கரூர் வரை விவசாயிகள் கிணறு கெட்டு, தென்னை காய்ந்து, வழக்குப் போட்டு அலைந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை அதற்கு அப்புறம்தான் ஒழுங்காக அமலுக்கு வந்தது. திருப்பூர்த் துணியின் விலையில் அந்தச் செலவு சேர்ந்திருக்கிறது. டாக்காவைச் சுற்றி ஓடும் துராக், புரிகங்கா ஆறுகள் கறுத்துக் கிடக்கின்றன. அந்தச் செலவு பையரின் பில்லில் ஏறாமல் ஆற்றங்கரைக்காரர்கள் தலையில் விழுகிறது.

நம்முடைய விதி மைதானத்திலிருந்தும் வரவில்லை, வெளிநாட்டு பையரிடமிருந்தும் வரவில்லை. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு, கோர்ட்டு வழியாக வந்தது. ஊரில் எல்லாரும் உட்கார்ந்து முன்பே பேசியிருந்தால் அணையும் பிழைத்திருக்கும், பட்டறைகளும் ஒரே நாளில் மூடியிருக்காது.

2025 ஆகஸ்டில் ஒரு வேடிக்கையில்லாத ஒற்றுமை நேர்ந்தது. அமெரிக்கா ஒரே மாதத்தில் சுவிட்சர்லாந்துக்கு 39 சதவீதம், வங்கதேசத்துக்கு 20, இந்தியாவுக்கு 50 சதவீதம் வரி போட்டது. திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. சுவிட்சர்லாந்தில் கடிகாரக்காரர்களும் மெஷின்காரர்களும் பதறினார்கள். தனிநபர் வருமானத்தில் அவர்கள் சுமார் ஒரு லட்சம் டாலர், வங்கதேசமும் நாமும் மூவாயிரத்துக்கும் கீழே; அடி மட்டும் எல்லாருக்கும் ஒரே கையெழுத்தில் விழுந்தது. சுவிட்சர்லாந்துக்கு நவம்பரில் 15 சதவீதமாகக் குறைப்பதாகப் பேச்சு முடிந்தது. அதே வருடம் அக்டோபர் 1 முதல் சுவிட்சர்லாந்து இருக்கும் எஃப்டா என்ற ஐரோப்பிய வர்த்தகக் கூட்டமைப்பு நாடுகளோடு இந்தியாவின் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. வங்கதேசம் பின்தங்கிய நாடு என்ற பட்டியலிலிருந்து வெளியேற 2026 நவம்பர் 24 என்று நாள் குறிக்கப்பட்டது. ஐரோப்பா அதற்கு மேல் மூன்று வருடம் வரிச் சலுகையை நீட்டித்திருக்கிறது.

இதற்கு நடுவே நூல் போய்க்கொண்டேதான் இருக்கிறது. 2025 ஏப்ரலில் தரை வழியாக நம் நூல் வருவதை வங்கதேசம் நிறுத்தியது. மே மாதம் அவர்கள் ஆயத்த ஆடை தரை வழியாக வருவதை நாம் நிறுத்தினோம். கடல் வழி திறந்திருக்கிறது. நம் பக்கத்து மில்லில் சுற்றிய கோன்கள் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கப்பட்டு, தூத்துக்குடியில் கப்பலேறி, கர்ணபுலி ஆற்றங்கரையில் இருக்கும் சட்டகிராம் துறைமுகத்தில் இறங்குகின்றன. அங்கே பின்னி, சாயம் போட்டுத் தைக்கும் டி-ஷர்ட் நம் டி-ஷர்ட்டோடு ஒரே கடையில் தொங்கும். அந்தக் கோன்களோடு யூஸ்டர் ரிப்போர்ட் ஒரு காப்பி கூடவே போகும்.